ஆடாத படம்

பழனியாண்டிக்கு எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவருடைய மகள் கிருஷ்ணகுமாரி பெல்மதுளைக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். துக்க வீட்டுப் பெண் இவ்வளவு சீக்கிரம் வாசல் தாண்டலாமா என்று லயத்தில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அம்மா மூக்காயி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்படியில் குந்தியிருந்து ரொட்டி சுட்டு, கட்டச் சம்பல் அரைத்து, மகளுக்குப் பொதி கட்டிக் கொடுத்தாள்.

"போயிட்டு வா. ஒங்கப்பாவ அடிச்சவன் மூஞ்சி அதுக்குள்ளதான இருக்கு? மொதல்ல அத வெளிய எடு. அழுவுறத அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் சொன்னது ஒரு வீடியோ கேசட்டை.

அவர்கள் இருந்தது கொடகவெலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கீழ்ப்பிரிவில் பத்து வீடு ஒரே கூரையில் ஒட்டிய லயம். லயத்துக்குக் கீழே ஓடை. ஓடைக்கரையில் மாணிக்கக் குழி. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு முதலாளி அங்கே வெட்டத் தொடங்கினார். பர்மிட் இருக்கிறதா என்று கேட்கிற தைரியம் தோட்டத்து ஆபிசுக்கே இல்லை. குழி ஆழம் போகப் போக லயத்தின் பின்சுவர் பிளந்தது. பழனியாண்டி வீட்டுச் சுவரில் கை நுழைகிற வெடிப்பு. மழை இறங்கினால் மூக்காயி அதில் பழைய சேலையைத் திணித்து வைப்பாள். விடிந்து பார்த்தால் சேலை நனைந்து கனத்துத் தொங்கும்.

அது 2008ஆம் வருசத்துப் பங்குனித் திருவிழா. தேர் என்றால் பெரிய தேர் இல்லை. டிராக்டர் பெட்டியில் மூங்கில் கட்டி, கலர்த் தாள் ஒட்டி, அம்மனை ஏற்றி வைத்தது. முன்னால் பழனியாண்டி வெள்ளைத் தலைப்பாகையோடு சூடத் தட்டு ஏந்தி நடந்தார். அவருக்குப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டு தோட்டத் தலைவர் முத்துவீரன். இரண்டு எட்டு முன்னால் பழனியாண்டியின் மகன் சுதாகரன், நீளமான கவட்டுக் கம்பால் மின்சாரக் கம்பிகளைத் தூக்கிப் பிடித்துத் தேருக்கு வழி விட்டுக்கொண்டு போனான். மூக்காயி பால்குடம் எடுத்த பெண்களோடு தேருக்குப் பின்னால். அந்த நேரம் பார்த்து, குழியில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினை ஏற்றிய லொறி எதிரே வந்து நின்றது.

பழனியாண்டி தட்டைக் கீழே வைத்துக் கும்பிட்டார். சிங்களத்தில்தான் பேசினார். தேர் திரும்பும் மட்டும் பொறுங்கள் மாத்தயா, இன்னொரு எஞ்சின் வேண்டாம், சுவர் விழுந்துவிடும், பிள்ளைகள் படுக்கிற இடம் என்றார். லொறியிலிருந்து ஆறு பேர் குதித்தார்கள். வார்த்தை தடித்தது, தள்ளுமுள்ளானது. சிவப்பு பெனியன் போட்ட ஒருவன் கையில் கட்டை இருந்தது. சுதாகரன் அதைத் தடுக்கத் தன் கம்பை வீசினான். கம்பு எட்டுவதற்குள் கட்டை இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பழனியாண்டியின் உயிர் போய்விட்டது.

கிருஷ்ணகுமாரி அங்கே இல்லை. அவள் பெல்மதுளையில் நிலாம் நானாவின் ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்கிறவள். அன்றைக்கு ஒரு கல்யாண டி.வி.டி. கொடுத்தே ஆக வேண்டியிருந்தது. "நீங்க நில்லுங்க தங்கச்சி. ஒங்கட ஊர்த் திருவிழாவுக்கு நான் ஸப்வான அனுப்புறன், கூலி ஒண்ணும் வாணாம்" என்று நிலாம் நானா மனசாரத்தான் சொன்னார். கலவரம் தொடங்கியதும் கேமராக்காரன் ஸப்வான் ஓடினான். ஓடும்போதும் கேமராவை நிறுத்தவில்லை, அல்லது நிறுத்த மறந்தான். அந்தக் கேசட்டில்தான் எல்லாம் இருந்தது.

கேமராவையே தூக்கிக்கொண்டுபோய்ப் பொலிஸில் காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் அந்தச் சின்னத் திரையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். வானம் வந்தது, தரை வந்தது, யாருடைய முதுகோ வந்தது. பாதியில் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தலை சுற்றுகிறது தங்கச்சி" என்றார் சிங்களத்தில். "இதில் நான் யாரைப் பிடிப்பது? தெளிவாக ஏதாவது இருந்தால் கொண்டு வா."

தெளிவாகச் செய்வது அவள் வேலை. அதற்காகவே இரத்தினபுரியிலிருந்தும் ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள்.

ஸ்டூடியோவில் அதை "ஆட்டம் எடுக்கிறது" என்பார்கள். படத்தில் ஒரு புள்ளியைக் கம்பியூட்டருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்தப் புள்ளி நகராமல் நிற்கும்படி அது ஒவ்வொரு பிரேமையும் இழுத்து வைக்கும். விநாடிக்கு இருபத்தைந்து பிரேம். அவளுக்கு வேண்டியது நாற்பத்தொரு விநாடி. புள்ளி பளிச்சென்று இருந்தால்தான் கம்பியூட்டர் விடாமல் பிடிக்கும். மங்கினால் கை நழுவி வேறெதையாவது பிடித்துக்கொள்ளும்.

முதலில் அந்தச் சிவப்பு பெனியனைத்தான் காட்டினாள். அவன் இடது ஓரத்தில் வருவான், மறைவான், மறுபடி வருவான். மூன்று தரம் முயன்றும் கம்பியூட்டர் அவனைத் தொலைத்தது. மத்தியானம் ரொட்டிப் பொதியைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் படம் முழுக்கத் தெரிகிற ஒரே பொருளுக்கு வந்தாள். அப்பாவின் தலைப்பாகை.

அது நின்றது. ஒவ்வொரு பிரேமாக, நழுவிய இடத்தில் கையால் திருத்தி, மாலை நான்கு மணிக்கு ஓட விட்டாள். பழனியாண்டி திரையின் நடுவில் ஆடாமல் நின்றார். அவரைச் சுற்றி ஊர் துள்ளியது, அவர் மட்டும் கும்பிட்ட கையோடு அசையாமல் நின்றார். எட்டு நாளாக வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

படத்தை இழுத்து வைப்பதால் நாலு பக்கமும் கறுப்புப் பட்டைகள் வந்து வந்து போயின. கல்யாணப் படமென்றால் வாடிக்கையாளர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பட்டை மறையும் வரை படத்தைப் பெரிதாக்க வேண்டும். எப்போதும் செய்கிற மாதிரியே இதையும் பெரிதாக்கினாள். சீ.டி. அடித்து, மேலே அப்பாவின் பெயரைப் பேனையால் எழுதினாள்.

நிலாம் நானா வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், கல்லுல வச்ச மாதிரி நிக்கிது" என்றார். பிறகு, "கம்பியூட்டர்ல எடமில்ல தங்கச்சி. நாளைக்கு லதீபா ராத்தாட மகள் ஹிமாயாட கல்யாணம், அத ஏத்தணும். பழசெல்லாம் அழிச்சி விடுங்க" என்றார். கேசட் ஸப்வானிடம் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணத்தில் அவள் திருவிழாப் படத்தை அழித்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பொலிஸுக்குத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். இருபத்திரண்டு வயது சுதாகரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பஸ்ஸில் அக்காவிடம் கேட்டான்:

"நான் என்னாக்கா சொல்லணும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்டா. படமே சொல்லும். கேட்டா மட்டும், செவப்பு பெனியன்காரன்தான்னு சொல்லு."

தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே இன்ஸ்பெக்டருடைய மேசையில் கம்பியூட்டர் இருந்தது. அவளே சீ.டி.யைப் போட்டாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படம் முடிந்தது.

"ஆயெத் தான்ன" என்றார். திரும்பவும் போடச் சொன்னார். இரண்டாம் தரம் பார்த்தார். மூன்றாம் தரம் மெதுவாக ஓட்டச் சொன்னார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

"கவுத மே?" என்று கேட்டார், திரையில் விரலை வைத்து. யார் இது?

"என் தம்பி சேர். வெளியே இருக்கிறான்."

"அவன் கையில் என்ன?"

"கம்பி தூக்குகிற கம்பு சேர்."

"யாரை அடிக்கிறான்?"

"அவன் அடிக்கவில்லை சேர், தடுக்கிறான். சிவப்பு பெனியன் போட்டவன் அப்பாவை அடிக்க வருகிறான் அல்லவா, அவனை."

"எங்கே சிவப்பு பெனியன்?"

"இதோ" என்று இடது ஓரத்தைத் தொட்டாள். அவள் விரல் கண்ணாடியைத் தாண்டிக் கம்பியூட்டரின் பிளாஸ்டிக் விளிம்பில் நின்றது.

அப்போதுதான் அவள் அந்தப் படத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். முப்பது நாற்பது தரம் பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, அவன் வருகிற இடம் கண்ணில் ஊறிப் போயிருந்தது. இல்லாதவனை அவள் கண்ணே வரைந்து பார்த்துக்கொண்டிருந்தது. பெரிதாக்கியதில் ஓரம் போய்விட்டது. ஓரத்தோடு அவனும் அவன் கட்டையும் போய்விட்டார்கள். திரையில் மூன்றே விசயங்கள்தான் இருந்தன. பழனியாண்டி கும்பிடுகிறார். மகனுடைய கம்பு வருகிறது. பழனியாண்டி விழுகிறார்.

"சேர், இது ஓரம் வெட்டுப்பட்ட படம். முழுப் படமும் கேசட்டில் இருக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் கொண்டு வருகிறேன்."

"கொண்டு வா" என்றார் இன்ஸ்பெக்டர். "தம்பி இருக்கட்டும்."

சுதாகரனை உள்ளே கூப்பிட்டார்கள். அவன் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் போனான்.

ஸ்டூடியோவில் ஸப்வான் கேமராப் பையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஸப்வான், திருவிழாக் கேசட் எங்க?"

"எந்தக் கேசட்?"

"எங்கப்பா கேசட்டுடா!"

அவன் முகம் வெளுத்தது. "அதத்தானே நான் ஹிமாயாட கல்யாணத்துக்குப் போட்ட. நீங்க கம்பியூட்டர்ல ஏத்தினீங்கதானே, இனி வேலை முடிஞ்சிண்டு நெனச்சன். ஏத்தல்லையா?"

"ஏத்தினேன்."

"அப்ப கம்பியூட்டர்ல ஈக்கும்தானே?"

அதை அவளே அழித்திருந்தாள். கேசட்டைப் போட்டுப் பார்த்தார்கள். பழனியாண்டி விழுந்த இடத்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து புரியாணி சாப்பிட்டார்கள். ஒருவர் கேமராவைப் பார்த்துக் கையாட்டினார். கேசட்டின் முனைவரைக்கும் கல்யாணம்தான்.

"ஸப்வான், நீ கண்ணால பாத்தியே. வந்து சொல்லு."

அவன் நிலாம் நானாவைப் பார்த்தான். அவர் கல்லாப்பெட்டி மேல் கையை ஊன்றியபடி தரையைப் பார்த்தார். "அவன் ஓடினவன் தங்கச்சி. ஓடினவன் என்னத்தப் பாக்கிற? வடக்குல சண்டை நடக்கிற காலம், அடையாள அட்டையக் காட்டாம ஜங்சன் தாண்ட ஏலா. எங்களயும் கொஞ்சம் யோசிங்க."

"நான் பாக்கல்ல" என்றான் ஸப்வான். அழுதுகொண்டே சொன்னான்.

அவள் வெறுங்கையோடு திரும்பிப் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை; அதுதான் பிறகு நினைக்க நினைக்க அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"அப்படியென்றால் சாட்சிப் பொருளை நீ மாற்றியிருக்கிறாய். அதை எழுதவா? எழுதினால் உன்னையும் உள்ளே போட வேண்டும். அம்மாவை யார் பார்ப்பது?" என்று கேட்டார். "நல்லவேளை, கையில் ஒரு படமாவது இருக்கிறது. அதில் இருப்பதைத்தான் நான் எழுத முடியும். இல்லாததை எழுத முடியாது."

சுதாகரனை மறியல் சிறையில் போட்டார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் கூரில்லாத கனத்த ஆயுதம் என்று இருந்தது. அது கட்டையாகவும் இருக்கலாம், கம்பாகவும் இருக்கலாம்.

இரண்டு கிழமைக்குள் அந்தச் சீ.டி. ஊரெல்லாம் ஓடியது. முதலாளியின் ஆள் ஒருவன் எங்கிருந்தோ வாங்கிய ஒரு சீ.டி.யோடு ஸ்டூடியோவுக்கு வந்து பத்துக் கொப்பி அடித்து வாங்கிப் போயிருந்தான். கிருஷ்ணகுமாரி சாப்பிடப் போன நேரம் பார்த்து நிலாம் நானாவே அடித்துக் கொடுத்திருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. இல்லண்டு சொல்லி இந்த ஊர்ல நான் எப்படிக் கடை தொறக்கிற?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வேலையையும் விடவில்லை. லோயருக்கும் மறியலுக்கும் போய்வர அந்தச் சம்பளம் வேண்டியிருந்தது. தம்பி பேர் பதிந்திருந்த தோட்டத்து வேலையும் நின்றுவிட்டது. மூக்காயி மட்டும் காலையில் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு மலைக்கு ஏறினாள். பங்குனி போய்ச் சித்திரை மழையில் கொழுந்து கொள்ளையாகத் தள்ளியது. கொழுந்து பறிக்கிற நிரையில் யாரும் அவளுக்குப் பக்கத்தில் நின்று பேச மாட்டார்கள். பேசினால் அதைத்தான் பேச வேண்டும் என்பதால்.

சீ.டி. லயத்துக்கும் வந்தது. முத்துவீரன் வீட்டில் சீ.டி. போடுகிற டெக் இருந்தது. அந்த முத்துவீரன்தான் பழனியாண்டிக்குப் பக்கத்தில் மணி அடித்தவர். சிவப்பு பெனியன் என்று பொலிஸில் முதலில் சொன்னவரும் அவர்தான். கிருஷ்ணகுமாரி அவரைத் தேடிப் போனாள். அவர் லயத்துக்குப் பின்னால் நின்று, சுவர் வெடிப்புகளுக்குச் சாந்து பூசுகிறவர்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி சீமெந்தும் மணலும் அனுப்பியிருந்தார்.

"தலைவரே, லோயர் ஒங்க வாக்குமூலத்தக் கேக்குறாரு."

"சொன்னேன்மா. சொல்லலன்னு சொல்லல." முத்துவீரன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "ஆனா படத்தப் பாத்த பெறகு எனக்கே கொழம்புது. ஒரே கூட்டம், ஒரே பொக. செவப்பா ஒண்ணு பாத்தேன். அது பெனியனா, தேருல கட்டின துணியான்னு கேட்டா நான் என்னான்னு சொல்றது? சாமி மேல சத்தியம் பண்ணச் சொல்லுவாங்கம்மா."

"நீங்க கண்ணால பாத்தீங்க!"

"பாத்தேன்னுதான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. 

அதுவரை மூக்காயி அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், யாரிடமும் சொல்லாமல் முத்துவீரன் வீட்டுக்குப் போய், "போடுங்க, பாக்குறேன்" என்றாள். மூன்று தரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் அடுப்பில் தேத்தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதித்து வற்றும் வரை தூள் போடாமல் நின்றாள்.

கிருஷ்ணகுமாரி விளங்கப்படுத்தினாள். கம்பியூட்டர், புள்ளி, கறுப்புப் பட்டை, பெரிதாக்குவது. மூக்காயிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு அவள் சுவரில் மாட்டியிருந்த குடும்பப் போட்டோவை இறக்கிச் சட்டத்திலிருந்து உருவி, ஓரத்தை மடித்தாள். ஓரத்தில் நின்ற பழனியாண்டி மறைந்தார்.

"பாரும்மா. இப்ப அப்பா இல்ல. ஆனா இருக்காரு. மடிச்சதால தெரியல. அந்த மாதிரிதான்மா அவன்."

மூக்காயி போட்டோவை வாங்கினாள். மடிப்பை விரித்தாள். பழனியாண்டி வந்தார்.

"மடிச்சா மறையுது, விரிச்சா வருது" என்றாள். "ஒன்னோடதையும் விரிச்சுக் காட்டு."

மகள் போட்டோவைத் திரும்ப வாங்கிச் சட்டத்தில் செருகினாள்.

"பெத்த தகப்பன அடிச்ச கைம்மா அது. நான் சோறு ஊட்டின கை" என்று சொல்லிவிட்டு மூக்காயி அடுப்பை அணைத்தாள்.

அதற்குப் பிறகு மாதம் இரண்டு தரம் மறியலுக்குப் போகும்போதெல்லாம் மூக்காயியும் வருவாள். விடியமுன் எழும்பி ரொட்டி சுடுவாள், சம்பல் அரைப்பாள், கருவாடு பொரிப்பாள். மறியலுக்கு எதிரே இருக்கிற பஸ் ஹோல்ட் வரைக்கும் வந்து, அங்கே சீமெந்துத் திட்டில் உட்கார்ந்துவிடுவாள். பொதியை மகள் கையில் கொடுத்தனுப்புவாள். உள்ளே வர மாட்டாள். ஒரு வருசம் இப்படிப் போனது. சண்டை முடிந்தது என்று வைகாசியில் டவுனெல்லாம் வெடி கொளுத்தினார்கள். அன்றும் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, யாருடைய கல்யாணத்துக்கோ கிருஷ்ணகுமாரி ஆட்டம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆனியில் ஒரு நாள், கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்ற சுதாகரன் ரொட்டிப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு பிரிக்காமல் நின்றான். மெலிந்து, கண்கள் உள்ளே போயிருந்தன.

"லோயர் மாத்தயா வந்தாருக்கா. ஆடி மாசம் வழக்கு. கைதவறிப் பட்டதுன்னு ஒத்துக்கிட்டா அஞ்சு வருசத்துல வெளிய வந்துறலாமாம். ஒத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"என்னாடா சொல்ற? நீ அடிக்கலையே!"

"அப்புடித்தான் நானும் நெனச்சேன்." அவன் குரல் தாழ்ந்தது. "அவங்க அந்தப் படத்த எத்தன தடவ காட்டினாங்க தெரியுமா? போட்டுப் போட்டுக் கேட்டாங்க. இப்ப கண்ண மூடினா எனக்கு அந்தப் படம்தான்கா வருது. நான் வீசுறேன், அப்பா விழுறாரு. அவன் மூஞ்சி வர மாட்டேங்குது. நீ சொல்லுக்கா. நீ ஒன் கண்ணால அவனப் பாத்தியா?"

"பாத்தேன்டா. கேசட்டுல."

"கேசட்டுல" என்றான். தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு, "தீர்ப்பு வந்தா தூரத்து மறியலுக்கு மாத்திருவாங்க. அதுக்கு முந்தி அம்மாவ ஒருக்கா வரச் சொல்லு. ஒரே ஒரு தடவ. வந்து திட்டினாலும் பரவாயில்ல" என்றான்.

அவள் வெளியே வந்தாள். மூக்காயி ஹோல்ட்டில் அதே இடத்தில் இருந்தாள். மழை தூறியது. பெல்மதுளைப் பக்கம் போகிற பஸ் வந்ததும் இருவரும் ஏறினார்கள்.

"சாப்பிட்டானா?" என்று கேட்டாள் மூக்காயி, ஜன்னலைப் பார்த்தபடி. ஒவ்வொரு தரமும் அவள் கேட்கிற ஒரே கேள்வி.

"ஒன்னய வரச் சொல்றான்மா."

"வேணாம்."

"அம்மா, அவன் அடிக்கல. எத்தனவாட்டிமா நான் சொல்றது?"

"நீ சொல்றது எனக்கு வெளங்கல. கண்ணுதான் எனக்கு வெளங்குது. அந்தப் படத்துல பொய் எங்க இருக்கு, சொல்லு? மிசினு பொய் சொல்லுமா?"

கிருஷ்ணகுமாரி மடியில் கிடந்த காலிப் பையைப் பார்த்தாள். ஒரு வருசமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது யாருக்கும் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கக்கூடியது என்ன என்று அவளுக்கு அப்போது தெரிந்தது.

"மிசினு சொல்லாதும்மா. நான் சொன்னேன்."

மூக்காயி திரும்பினாள்.

"நான்தான் அவன அப்படி ஆக்கினேன். செவப்பு பெனியன்காரன நான்தான் வெட்டி எடுத்தேன்."

"தெரியாம செஞ்சேன்னுதான எப்பவும் சொல்லுவ?"

"தெரிஞ்சுதான்மா." வாய் கூசியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "முதலாளி ஆளுங்க கடைக்கு வந்தாங்க. அவன எடுக்கலன்னா ஒன்னையும் லயத்தையும் கொளுத்திருவோம்னாங்க. பயந்துட்டேன். எடுத்துட்டேன். கேசட்டையும் நான்தான் அழிச்சேன். தம்பி மாட்டுவான்னு நெனக்கல."

மூக்காயி அவளை வெகுநேரம் பார்த்தாள். நரைத்த புருவம் மெல்ல மெல்ல இறங்கியது. பயம் அவளுக்கு விளங்கும். மிரட்டல் விளங்கும். உயிருக்குப் பயந்து கூடப்பிறந்தவனைக் காட்டிக் கொடுப்பது எப்படி என்பதும் விளங்கும். ஒரு வருசமாக அவள் நெஞ்சில் அடைத்திருந்தது என்னவோ, அது இடம் மாறி உட்கார்வதை மகள் கண்ணெதிரே பார்த்தாள்.

மூக்காயி அடிக்கவில்லை. எழுந்து பெல்லை அடித்தாள். பஸ் நின்றது.

"எங்கம்மா போற? இன்னைக்கு விட மாட்டாங்க."

"நாளைக்கு விட்டா நாளைக்கு வரைக்கும் இருப்பேன். எம்புள்ள ஒரு வருசமா ஒண்டியாக் கெடந்தான்." காலிப் பையை மகளின் மடியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டாள். "நீ வராத. அந்தப் பக்கமே வராத."

மழையில் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றாள்.

கிருஷ்ணகுமாரி அன்றே லயத்திலிருந்து துணிமணிகளை எடுத்துக்கொண்டு பெல்மதுளைக்கு வந்துவிட்டாள். ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஓர் அறை. மூக்காயி மகள் சொன்னதை மறியலில் சுதாகரனிடமும், பிறகு லயம் முழுக்கவும் சொன்னாள். கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். முத்துவீரனுக்குக்கூட ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்ததாம்.

ஆடி மாதத்து வழக்கு நாளில் அவள் இரத்தினபுரிக்குப் போய், கோர்ட்டு அறையின் கடைசிக் கதவோரம் நின்றாள். சுதாகரனை விலங்கோடு கொண்டு வந்து கூண்டில் ஏற்றினார்கள். ஆள் மாறியிருந்தான். தலைமுடி வாரி, நெற்றியில் திருநீறு. குற்றப் பத்திரம் வாசித்தார்கள். மொழிபெயர்க்கிறவர் அவனிடம் தமிழில் கேட்டார்: "குற்றவாளியா, சுற்றவாளியா?" சுற்றவாளி என்றால் குற்றமற்றவன்.

லோயர் மாத்தயா கையிலிருந்த தாளைப் பார்த்தபடி, அவன் சொல்லப்போவது தெரிந்தவராக உட்கார்ந்திருந்தார்.

"சுற்றவாளி" என்றான் சுதாகரன், அறை முழுக்கக் கேட்கும்படி.

லோயர் திடுக்கிட்டு எழுந்தார். முன் பெஞ்சில் மூக்காயி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் லோயர் கிருஷ்ணகுமாரியைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், பாதிக் காசுக்கு வழக்குப் பேசுகிறவர். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"உன் தம்பிக்கு என்ன ஆனது? ஐந்து வருசம் என்று பேசி முடித்து வைத்திருந்தேன். இப்போது அந்தச் சீ.டி.யை வைத்தே வழக்கு நடக்கும். அவர்களிடம் சாட்சி இருக்கிறது, நம்மிடம் என்ன இருக்கிறது? இருபது வருசம் போட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நான் அடிக்கவில்லை, இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்கிறான். இதை யார் அவன் தலையில் ஏற்றியது?"

அவள் தூணோரம் ஒதுங்கினாள்.

அந்த நேரம் சுதாகரனைக் கீழே கூட்டிக்கொண்டு வந்தார்கள். மூக்காயி அவனோடு ஒட்டி நடந்தாள். பொலிஸ்காரர் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்க, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு அவன் வாயில் ஊட்டினாள். விலங்குக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஒன்றேகால் வருசத்துக்குப் பிறகு அவன் வாய்விட்டுச் சிரிப்பதைக் கிருஷ்ணகுமாரி பார்த்தாள். கண்ணில் பயமில்லை, சந்தேகமில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

தாழ்வாரத்துத் தூணோரம் நின்ற அக்காவை அவன் கண்டான். சிரிப்பு நின்றது. ரொட்டியை மென்று விழுங்கினான்.

"யாருடா அங்க?" என்று கேட்டாள் மூக்காயி, திரும்பிப் பார்க்காமல்.

"யாருமில்லம்மா" என்றான் சுதாகரன். மறியல் வண்டியின் படியில் ஏறினான்.